தேசாய் சார் காலை எந்தப் பக்கம் நீட்டுவார்?

அன்று மத்தியானம் நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. புது நாற்காலியை மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக் கொண்டுபோய், பம்பாய்க் கம்பெனியின் விருந்தினர் விடுதிக் கூடத்தில் இறக்கினோம்.

2. கம்பெனி மேலாளர் தேசாய் சார் அதில் சாய்ந்தார். கூடவே செய்திருந்த ஸ்டூலின்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்தார். கண்ணை மூடி, "ஆஹா" என்றார்.

3. எங்கள் முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

4. ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வேலை கேட்டுப் பேச வந்தார்கள். எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

5. தேசாய் சார் காலை எடுக்கவில்லை.

6. மரகதம் என்ற அம்மாள் எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். எல்லாரும் வெளியே போனார்கள்.

7. முதலாளி மறுபடி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

இவ்வளவும் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் நடந்து முடிந்தது. ஆனால் அந்த நாற்காலியைச் செய்ய எங்களுக்கு ஒரு கோடைகாலம் முழுக்க ஆகியிருந்தது.

டேபிளா, மிஷினா?

போன வாரம் ரயில் சீசன் டிக்கெட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அத்திப்பட்டில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் எங்கள் ப்ளைவுட் பட்டறை. தொழிற்பேட்டைக்கு அப்போதுதான் நிலம் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள். புழுதிக்கு நடுவே முதலில் முளைத்த கட்டடங்களில் ஒன்று பம்பாய்க் கம்பெனியின் விருந்தினர் விடுதி. தொழிற்சாலைக்கு இன்னும் சுவர் எழும்பவில்லை. விருந்தினர் விடுதிக்குத் திரைச்சீலையே வந்துவிட்டது.

எங்கள் பட்டறையில் டீ பெட்டிக்குப் பலகை, பள்ளிக்கூட பெஞ்சு, சினிமாக் கொட்டகை நாற்காலிக்கு வளைந்த முதுகு ஆகியவை செய்தோம். முதலாளி சீதாபதிக்கு வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ். கோபம் வந்தால் இரண்டும்.

நான் டிப்ளமா முடித்துவிட்டு வரைபட வேலைக்கு வந்திருந்தேன். தற்காலிகம் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஆபீஸ் டைப்பிஸ்டுக்குக் கல்யாணமாகி அவள் ஆரணிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து முதலாளிக்கு என் விரல்கள்மேல் கண்.

"அம்மாயி, டைப் அடிப்பியா நீ?"

"ட்ராயிங் போடுவேன் சார்."

"அது தெரியும். பொம்பளப் புள்ளைக்கு டைப்புதாம்மா நல்லது. ஃபேனுக்குக் கீய உக்காந்துகினே வேல. ட்ராயிங்னா நாளெல்லாம் நின்னுகினே இருக்கணும், காலு வீங்கிப்பூடும்."

"காலு நல்லா இருக்கு சார்."

அவருக்கு என் பதில்கள் பிடிக்காது. ஆனால் என் கோடுகள் பிடிக்கும். அதனால் விஷயத்தை இழுத்துக்கொண்டே போனார். தேசாய் சார் நாற்காலிப் படத்தைக் கொண்டுவந்து காட்டிய அன்று ஒரு முடிவுக்கு வந்தார்.

"இந்தச் சேரு அவுருக்குப் புடிச்சி, விடுதி ரூமுங்களுக்கெல்லாம் ஆர்டர் வந்துச்சின்னா ட்ராயிங் டேபிளு உனுக்குத்தான். வேலயும் பர்மனென்ட்டு. வரலையா, பேசாம மிஷின் முன்னாடி உக்காந்துக்கோ. சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறென்ன சொல்வது? மூன்று வருஷம் படித்தது பிறர் எழுதித் தரும் கடிதத்தைத் தட்டுவதற்கு இல்லை என்று அவரிடம் சொல்லலாம். சொன்னால் அன்றைக்கே மிஷின்.

ஒரு பக்கப் படம்

அமெரிக்கப் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்த பக்கம் அது. மடித்து மடித்து, மடிப்பில் வெள்ளைக்கோடு விழுந்திருந்தது.

பெரிய கூடம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. நடுவில் அந்த நாற்காலி. தலைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, உட்காரும் இடத்துக்கு ஒன்று என்று மூன்று வளைந்த பலகைகள், உள்ளங்கையைக் குவித்த மாதிரி. ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்புத் தோல் மெத்தை. அடியில் ஐந்து விரல் விரித்தாற்போல உலோகக் கால். முன்னால் அதே மரம், அதே தோல், அதே ஜாடையில் ஒரு குட்டி ஸ்டூல்.

உலகம் முழுக்கப் பேர் போன நாற்காலி என்றார் தேசாய் சார். பம்பாயில் அவருடைய பெரிய முதலாளி வீட்டில் ஒன்று இருக்கிறதாம். அங்கே ஒரே ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு உட்கார்ந்த நாற்காலி எதுவும் அவருக்கு நாற்காலியாகத் தெரியவில்லை. அசலை வரவழைக்க இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். அது வருவதற்குள் ஓய்வு பெற்றுவிடுவேன் என்றார். அவருக்கு முதுகுவலி வேறு. உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு.

படத்தில் அளவே இல்லை. எனக்கு அளவு தெரிந்த ஏதாவது ஒரு பொருள் அந்தக் கூடத்தில் கிடைக்குமா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். பூச்சாடி உதவாது. நாய் உதவாது. ஓரத்தில் சின்ன மேஜைமேல் ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. பார்த்தால் எங்கள் ஆபீஸ் டெலிபோனுக்கு அண்ணன் தம்பி.

முதலாளி பேசி முடிக்கும்வரை காத்திருந்து, டெலிபோனை ஸ்கேல் வைத்து அளந்தேன். நீளம், அகலம், எண் சுற்றும் வட்டத்தின் விட்டம். மேஜை நாற்காலிக்குக் கொஞ்சம் பின்னால் இருந்ததால் தூரத்துக்கு ஒரு கழிவு. அந்தக் கணக்கிலிருந்து நாற்காலி பிறந்தது.

"போனை இன்னாத்துக்குமா அளக்கற?" என்றார் முதலாளி.

"நாற்காலிக்கு சார்."

 அவர் டெலிபோனைத் தம் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் என் தகரக் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. வரைபடத் தாள்களைச் சுருட்டி வைக்க ஒரு நீளமான தகரக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ரயிலேறுவேன். பழவேற்காட்டு இறால் கூடையோடு வரும் அம்மாக்களுக்கு அது பெரிய வேடிக்கை. "உள்ள இன்னா கண்ணு, விலாங்கா?" என்று கேட்பார்கள். ஒருநாள் திறந்து நாற்காலிப் படத்தைக் காட்டினேன். ஓர் அம்மாள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நண்டு கவுந்து கெடக்கற மாறி கீது" என்றார். அதற்குப் பிறகு எனக்கும் அது அப்படித்தான் தெரிந்தது. தேசாய் சாரிடம் சொல்லவில்லை.

சலூன் சேர்

பட்டறை மேஸ்திரி கோதண்டம். வளைந்த பலகை செய்வதில் கை தேர்ந்தவர். ஆனால் சினிமாக் கொட்டகை முதுகு ஒரு பக்கம் மட்டும் வளையும். இது இரண்டு பக்கமும் வளைய வேண்டும். முதல் பலகையை அச்சிலிருந்து எடுத்தபோது அப்பளம் மாதிரி நொறுங்கியது. இரண்டாவது, ஏடு ஏடாகப் பிரிந்துகொண்டது. மரத்தை இன்னும் மெல்லிய தகடாக உரித்து, வளைவு அதிகமான இடத்தில் ஓரத்தில் வெட்டு விட்டு வரைபடத்தை மாற்றினேன். மூன்றாவது நின்றது. பசை வாடை மட்டும் என் தலைமுடியைவிட்டு மழைக்காலம்வரை போகவில்லை.

மரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே அதிர்வு தாங்க ரப்பர் வேண்டும். லாரி இன்ஜினுக்கு அடியில் வைக்கும் ரப்பரை வெட்டிப் போட்டோம். தோல் மாதவரத்திலிருந்து வந்தது. ஐந்து விரல் கால் அம்பத்தூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வார்த்து வந்தது. மெத்தைக்குள் இலவம்பஞ்சு.

சேர்த்து நிறுத்தியதும் கோதண்டம் சுற்றிச் சுற்றி வந்தார். ரசமட்டத்தை இருக்கைமேல் வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்கு ஓடியது.

"சுகுணாம்மா, இது பின்னால சாஞ்சிகினு கீதும்மா."

"சாய்ஞ்சுதான் இருக்கணும் மேஸ்திரி."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

நான் சாப்பிடப் போய்த் திரும்பி வருவதற்குள் பின்பக்கம் ஓர் ஆப்பு வைத்து நிமிர்த்திவிட்டார். நான் ஆப்பை எடுத்தேன். மறுநாள் மறுபடி ஆப்பு. கோணலாக ஒரு சாமானைப் பட்டறையைவிட்டு அனுப்ப அவருக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் வரைபடத்திலேயே சாய்வுக் கோணத்தை எழுதி, அடியில் முதலாளியின் கையெழுத்தை வாங்கி ஒட்டினேன். பிறகு ஆப்பு வரவில்லை.

பட்டறையில் அதற்குச் சலூன் சேர் என்று பேர் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சாய்கிற, சுற்றுகிற, தலைக்கு முட்டு வைத்த நாற்காலியை அதுவரை எல்லாரும் பார்த்திருந்த இடம் முடிதிருத்தும் கடைதான். யாராவது கிட்டே போனால், "இன்னாபா, ஷேவிங்கா கட்டிங்கா?" என்று ஒரு குரல் வரும்.

ஆனால் யாரும் அதில் சாயவில்லை. சோதனைக்கு உட்காரச் சொன்னால் விளிம்பில் ஒட்டி உட்கார்ந்து, முழங்கால்மேல் கை வைத்துக்கொள்வார்கள். கோதண்டம் அதுகூட இல்லை. ஸ்டூலில்தான் உட்காருவார். "எனுக்கு இது போதும்மா. அது பெரிய மன்சங்களுது." இது ஓர் எச்சரிக்கை என்று அப்போது யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

நடுவில் நின்ற இரண்டு

மறுபடி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

நாற்காலியை எங்கே வைப்பது என்பதில் தேசாய் சாருக்குச் சந்தேகமே இல்லை. பத்திரிகைப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். படத்தில் எப்படியோ அப்படியே: கூடத்தின் நட்டநடுவில், வாசலைப் பார்த்து, ஸ்டூல் முன்னால். அவருக்கு எதிரே, வாசல் பக்கச் சுவரோரம் ஒரு தணிவான பெஞ்சு. வருகிறவர்களுக்கு அதுதான்.

வந்தவர்களுக்குத் தலைமை மரகதம். கோதண்டத்தின் சொந்த அக்கா. தொழிற்பேட்டைக்குப் போன நிலங்களில் நாற்று நட்டவர். நிலத்துக்காரர்களுக்கு ஈடு கிடைத்தது. நட்டவர்களுக்கு, கம்பெனி வந்தால் வேலை கிடைக்கும் என்ற வாய்ச்சொல் கிடைத்தது. அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

"உக்கார், உக்கார்" என்றார் தேசாய் சார். அவர் தமிழ் கற்றது கட்டட வேலை மேற்பார்வை ஆட்களிடம். 'ங்க' போடுவது அவர் பாடத்தில் வரவே இல்லை. எல்லாருக்கும் அது தெரியும். யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

பெஞ்சு தணிவு, ஸ்டூல் உயரம். மரகதத்தின் முகத்துக்கு நேரே தேசாய் சாரின் இரண்டு உள்ளங்கால்கள். தோல் அழுக்காகக் கூடாது என்று ஷூவைக் கழற்றியிருந்தார். சாம்பல் நிறச் சாக்ஸ்.

"கும்புட்றோம் சார். எங்க நெலம்னு சொல்லிக்க ஒண்ணுங்கெடையாது. பாடுபட்ட எடம் அது. அதுல கம்பெனி வருது, வரட்டும். எங்க புள்ளைங்களுக்கு…"

நிறுத்தினார். தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தார். வலது பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"சார், நான் உங்க மூஞ்சப் பாத்துப் பேசலாம்னு வந்தேன். நடுவுல இது ரெண்டு நின்னுகினு கீது."

தேசாய் சார் என்னிடம் ஆங்கிலத்தில், "என்ன சொல்கிறார்?" என்றார். முதலாளி என் காதோரம், "ஒண்ணும் சொல்லிடாத" என்றார். நான் பாதி சொன்னேன். உங்கள் முகத்தைப் பார்க்க விரும்புகிறார் என்றேன்.

தேசாய் சார் மகிழ்ந்துபோனார். கழுத்தை நீட்டி முகத்தை நன்றாக உயர்த்திக் காட்டிப் புன்னகை செய்தார். கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

மரகதம் எழுந்தார்.

"வாய்க்குத் தமிழ் வரல. சரி, வெளியூரு மன்சன், போவுது. காலுக்கு இன்னா பாஷை தெரியணும்?"

எங்களோடு வந்திருந்த கோதண்டம் பின்னாலேயே ஓடினார். "யக்கா, யக்கா! அவுருக்கு முதுகு நோவு யக்கா!"

"எனுக்கில்லியாடா முதுகு? தாவணி போட்ட நாள்லேந்து குனிஞ்சி நட்றேன். யாரு மூஞ்சில காலை நீட்டுனேன்?"

வாசல் காலியானது. முழு விஷயத்தையும் அப்போது ஆங்கிலத்தில் சொன்னேன். தேசாய் சார் மெல்லக் காலைக் கீழே இறக்கினார். அவர் முகம் கறுத்துவிட்டது. அவமதிக்க நினைக்கிற ஆள் இல்லை அவர். அதோடு, ஊர்க்காரர்களோடு ஒத்துப்போகாமல் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டாம் என்று பம்பாயிலிருந்து கட்டளை.

"நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்" என்றார். "எல்லாவற்றையும். ஸ்டூலையும்தான். மர நாற்காலியே போதும்."

திரும்பும் வழியில் வண்டிக்குப் பின்னால் நடந்தோம்.  பட்டறை வந்ததும் முதலாளி ஆரம்பித்தார்.

"எத்தினி பேஜாரு! காலுக்கு ஸ்டூலு எவன் கேட்டான்? ஊட்டுல நான் தரைல உக்காந்து துன்றேன், எனுக்கு இன்னா கொறஞ்சிபூச்சி?"

"படத்தில் இருந்தது சார். தேசாய் சார்தான்…"

"மிஷினைத் தொடச்சி வெக்கச் சொல்றேன்."

இன்னொரு தடவை கூப்பிடுங்க

டைப் மிஷின் என் மேஜைக்கே வந்துவிட்டது. வரைபடப் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். நாற்காலி பட்டறை மூலையில் சாக்குக்குள் நின்றது.

கடிதங்களை இரண்டு விரலால் தட்டினேன். வேண்டுமென்றே இல்லை, எனக்கு இரண்டு விரல்தான் தெரியும்.

ஒரு மத்தியானம், எல்லாரும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் பட்டறைக்குள் போய்ச் சாக்கை விலக்கினேன். எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. அந்த நாற்காலியின் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். ஆனால் நான் அதில் சாய்ந்ததே இல்லை. இத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் காலை நீட்டிச் சாய்ந்து பார்ப்பது எப்படி? நானும் விளிம்பில் உட்கார்ந்து எழுந்தவள்தான்.

புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். சாய்ந்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காலை ஸ்டூலில் வைத்தேன்.

உடம்பின் கனம் எங்கோ போய்விட்டது. கழுத்துக்கு வேலையில்லை. இடுப்புக்கு வேலையில்லை. தேசாய் சார் ஏன் "ஆஹா" என்றார் என்று தெரிந்தது. கூரைத் தகட்டில் ஓட்டைகள் எத்தனை என்பதும் தெரிந்தது.

"அம்மாயி!"

பின்னால் முதலாளி. நான் பதறித் திரும்பினேன். நாற்காலி என்னோடு திரும்பியது. ஸ்டூல் திரும்பவில்லை. கால் இரண்டும் தாமாகத் தரைக்கு வந்துவிட்டன. கண்ணிமைக்கும் நேரத்தில், பாதம் தரையில் ஊன்றி, அவருக்கு நேரே முகம் வைத்து, வகுப்பில் முதல் பெஞ்சு மாணவி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா மகாராணி, தர்பாரா?"

"சார், இன்னொரு தடவை கூப்பிடுங்க."

"இன்னாது?"

"நான் பழையபடி திரும்பிக்கறேன். அதே இடத்தில் நின்னு கூப்பிடுங்க சார்."

அவர் கூப்பிட்டார். இந்தத் தடவை தெலுங்கில், கொஞ்சம் நீளமாக. நான் திரும்பினேன். கால் விழுந்தது. மூன்றாவது தடவை கோதண்டத்தை வரவழைத்து இடது பக்கமிருந்து கூப்பிடச் சொன்னேன். விழுந்தது. வலது பக்கமிருந்து. விழுந்தது.

"சும்மா சும்மா கூப்டச் சொல்லிகினு, இன்னா வெளாட்டுமா இது?" என்றார் கோதண்டம், கையில் சோற்றுப் பருக்கையோடு.

விஷயம் இவ்வளவுதான். நாற்காலி சுழலும்; ஸ்டூல் சுழலாது. ஸ்டூலுக்கு நேரே ஆள் உட்கார்ந்தால் காலைக் காட்டித்தான் பேச வேண்டும். ஸ்டூல் ஜன்னல் பக்கம் இருந்து, வருகிறவர்கள் வேறு எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும், அவர்கள் பக்கம் திரும்பின மாத்திரத்தில் கால் இறங்கியே ஆக வேண்டும். மரியாதையைத் தேசாய் சாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நாற்காலியே பார்த்துக்கொள்ளும்.

தவறு நாற்காலியில் இல்லை, அதை வைத்த இடத்தில் இருந்தது. அந்தப் பத்திரிகைப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். டெலிபோன் இருந்தது, பூச்சாடி இருந்தது, நாய்கூட இருந்தது. ஒரு மனிதர் இல்லை. ஆளில்லாத கூடத்தைப் பார்த்து நாங்கள் ஆள் வரும் கூடத்தை அடுக்கியிருந்தோம்.

டைப் மிஷினைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, பலகையைத் திருப்பி, விடுதிக் கூடத்தை வரைந்தேன். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். தடுக்கவில்லை. ஆர்டர் அவருக்கும் வேண்டியிருந்தது.

ஜன்னல் பக்கம்

"ஆனால் படத்தில் அப்படி இல்லையே?" என்றார் தேசாய் சார், என் வரைபடத்தையும் பத்திரிகைப் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து.

"படத்தில் யாரும் வேலை கேட்டு வரவில்லை சார்."

பத்திரிகைப் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "சரி, வையுங்கள்" என்றார்.

நாற்காலியை மறுபடி வண்டியில் கொண்டுபோய், இந்தத் தடவை நடுவில் இல்லாமல் தெற்கு ஜன்னலுக்கு ஓரமாக வைத்தோம். ஸ்டூல் ஜன்னலுக்குக் கீழே. தேசாய் சார் திரும்பும்போது காலோடு இழுத்துக்கொண்டு போகாதபடி அதன் அடியில் மிச்சமிருந்த லாரி ரப்பரை ஒட்டினேன். தணிவான பெஞ்சை வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியின் இடது பக்கம் சாதாரண மர நாற்காலிகள், அவர் கண் மட்டத்துக்கு வருகிற உயரத்தில். சாய்ந்திருக்கிறவர் கண் எந்த உயரத்தில் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்தேன். கூடம் கொஞ்சம் ஒரு பக்கமாக ஒதுங்கின மாதிரி இருந்தது. பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வர மாட்டார்கள். பரவாயில்லை.

மரகதத்தை மறுபடி வரவழைப்பது கோதண்டம் பொறுப்பு. அவர் அக்கா வீட்டு வாசலில் நின்று கெஞ்சியதை மறுநாள் பட்டறையில் அவரே நடித்துக் காட்டினார்.

"யக்கா, காலைத் திருப்பி வெச்சிட்டோம்க்கா."

"காலை மட்டுந்தானா? ஆளையுமா?"

"நீயே வந்து பாரேன்."

"வர்றேன். இந்தத் தபா காலு தெரிஞ்சிச்சின்னா, அவுரோட இல்ல, உன்னோட பேசமாட்டேன்."

அவர்கள் வந்தபோது தேசாய் சார் ஜன்னல் பக்கம் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். வெளியே பனைமரங்களும், மண் கொட்டும் லாரிகளும்.  ரப்பர் பிடிக்க வேண்டும். அவர் சோம்பேறித்தனமாகக் கழுத்தை மட்டும் திருப்பாமல் இருக்க வேண்டும். முதலாளி சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டேபிளா மிஷினா என்பது அந்த ஒரு திரும்பலில் இருந்தது.

"கும்புட்றோம் சார்" என்றார் மரகதம்.

தேசாய் சார் திரும்பினார். முழுசாக. நாற்காலி சத்தமில்லாமல் சுற்றியது. சாம்பல் சாக்ஸ் இரண்டும் ஸ்டூலைவிட்டு நழுவித் தரைக்கு வந்தன. அவரும் அந்த வேகத்தில் முன்னால் வந்து நிமிர்ந்துவிட்டார்.

மரகதம் முதலில் காலைப் பார்த்தார். அப்புறம் முகத்தைப் பார்த்தார்.

"உக்கார், உக்கார்" என்றார் தேசாய் சார்.

மரகதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உக்கார்றோம் சார், உக்கார்றோம். அது ஒண்ணுதான் உங்க வாயில வருது."

பேச்சு நடந்தது. நான்தான் மொழிபெயர்த்தேன், இந்தத் தடவை முழுசாக. தொழிற்சாலை திறக்கும்போது முதல் ஆள் எடுப்பு அவர்கள் குடியிருப்பிலிருந்து. பெண்களுக்குப் பேக்கிங் பகுதியில் இடம். இதை எழுத்தில் கொடுக்கச் சொன்னார் மரகதம். தேசாய் சார் எழுதச் சம்மதித்தார். பழைய மத்தியானத்தை ஈடு செய்ய நினைத்தாரோ என்னவோ, எழுந்து நின்று, தம் நாற்காலியை மரகதத்துக்குக் காட்டினார்.

"உக்கார்."

"அதுலயா? நல்ல கதை. அதுல சாஞ்சன்னா கேக்க வந்ததே மறந்துபூடும். மொதல்ல கையெழுத்து போடச் சொல்லு கண்ணு. அப்பறம் உக்கார்றேன்."

சொன்னேன். தேசாய் சார் உரக்கச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மரகதம் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அந்த உலகப் புகழ் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஏறினார். இரண்டு காலையும் தூக்கித் தோல் மெத்தைமேல் சம்மணம் போட்டுக்கொண்டார். வெற்றிலைப் பையை ஸ்டூலின்மேல் வைத்தார். சாய்ந்தார்.

நான் டெலிபோனை வைத்துப் போட்ட கணக்கில் சம்மணத்துக்கு இடம் விடவில்லை. ஆனால் இடம் இருந்தது.

"எப்பிடிக்கா கீது?" என்றார் கோதண்டம்.

 அக்காவின் கண் மூடியிருந்தது.

"யக்கா?"

"இரேண்டா. இப்பதானே உக்காந்தேன்."

தேசாய் சார் மர நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே காத்திருந்தார். அவருக்கு முதுகு வலித்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

நிலவரம்

விடுதி அறைகளுக்கெல்லாம் ஆர்டர் வந்தது. ஒவ்வோர் அறையிலும் ஸ்டூல் ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கிறது. அந்த ஆர்டருக்குப் பிறகு வேறு யாரும் அந்த நாற்காலியைக் கேட்கவில்லை. நாங்கள் மறுபடி பெஞ்சும் சினிமாக் கொட்டகை முதுகும் செய்கிறோம். தேசாய் சார் பம்பாய்க்குத் திரும்பிவிட்டார். மரகதத்தின் மருமகள் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் வேலை பார்க்கிறாள். டைப் அடிக்கப் பொன்னேரியிலிருந்து ஒருவர் வருகிறார். ட்ராயிங் டேபிள் என்னிடம் இருக்கிறது. வேலை நிரந்தரம்.